140-ஆ 180-ஆ? மோட்டார்ஹோமுக்கு எவ்ளோ டீசல் பவர் வேணும்னு கணக்குப் போட்டே பாத்துடலாம்

ஐரோப்பாவுல மோட்டார்ஹோம் (உள்ளயே சமைச்சு, தூங்கி, தங்குற வண்டி) வாங்கப் போறவங்க நிறைய பேரு ஒரே இடத்துல வந்து நின்னுடறாங்க. கட்டில் அளவு, பாத்ரூம், கிச்சன் எல்லாம் முடிவாயிடும், ஆர்டர் ஃபார்ம்ல இன்ஜின்னு ஒரு வரி வரும், அங்க 140, 180-னு குதிரைசக்தியில ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல நல்ல தொகை வித்தியாசம் இருக்கும். கேட்டா ஒருத்தர் 140-ல மலை ஏறவே முடியாதும்பார், இன்னொருத்தர் இருபது வருஷமா 130-ல தான் ஓட்டுறேன், ஒரு குறையும் இல்லம்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லல, அவங்க வண்டி எடையும் ஓட்டுற வேகமும் வேற வேற, அவ்ளோதான்.

இந்தக் கட்டுரைக்கு ஃபியட் டுகாட்டோங்கிற வேனை எடுத்துக்கிறேன், ஏன்னா ஐரோப்பிய மோட்டார்ஹோம்ல பெரும்பகுதி இதோட சேஸிஸ் மேல தான் கட்டுறாங்க. இத்தாலியில அட்டெஸ்ஸாங்கிற ஊர்ல இருக்கிற ஃபேக்டரியில இருந்து வருது. 2021-ல பழைய 2.3 லிட்டர் இன்ஜினை எடுத்துட்டு 2.2 லிட்டர் (2,184 சிசி) மல்டிஜெட் 3 இன்ஜினைப் போட்டாங்க, அதுல மோட்டார்ஹோம் வாங்குறவங்க முன்னாடி முக்கியமா வர்றது 140-உம் 180-உம் தான். வேற கம்பெனி வண்டியா இருந்தாலும் கீழ இருக்கிற கணக்கு அப்படியே பொருந்தும்.

பவர்னா என்ன, டார்க்னா என்ன

டார்க்ங்கிறது நம்ம டிரைவர்கள் "இழுவை"ன்னு சொல்றாங்களே, அது. இன்ஜின் அச்சை எவ்ளோ பலமா முறுக்குதுங்கிற அளவு, நியூட்டன் மீட்டர்ல சொல்வாங்க. பவர்ங்கிறது அந்த இழுவையை எவ்ளோ வேகமா திரும்பத் திரும்பக் குடுக்க முடியுதுங்கிறது. ரெண்டையும் சேக்கிற சூத்திரம் ஒண்ணு தான்: டார்க்கை ஆர்பிஎம்மால (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிறது) பெருக்கி 9,550-ஆல வகுத்தா கிலோவாட் வரும், அதை 1.36-ஆல பெருக்கினா பிஎஸ்.

பிஎஸ்ங்கிறது ஜெர்மன்காரங்க, இத்தாலிக்காரங்க சொல்ற மெட்ரிக் குதிரைசக்தி. பிரிட்டன்ல பிஎச்பி-ன்னு போடுவாங்க, அது ஒரு சின்ன வித்தியாசம், 140 பிஎஸ்ங்கிறது 138 பிஎச்பி. வண்டி பேப்பர்ல கிலோவாட்ல இருக்கும், 140-ன்னா 103, 180-ன்னா 132. ஒரே இன்ஜினுக்கு மூணு இடத்துல மூணு நம்பர் பாத்து குழம்ப வேண்டாம்.

இப்போ டுகாட்டோ நம்பர். 2021-ல வந்தப்போ 140 இன்ஜினுக்கு டார்க் 350, 180 இன்ஜினுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட 450. மேனுவல் கியர்ல 180 எடுத்தா டார்க்கைக் குறைச்சுத் தான் குடுத்தாங்க, காரணம் கியர்பாக்ஸ். ஒவ்வொரு கியர்பாக்ஸும் இவ்ளோ முறுக்கு தான் தாங்கும்னு ஒரு வரம்பு உண்டு, இன்ஜின்ல இருந்தாலும் அதுக்கு மேல விட முடியாது. அதனால மேனுவல் 180-ஐயும் ஆட்டோமேட்டிக் 180-ஐயும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க, ஓட்டும்போது ரெண்டும் வேற வேற வண்டி.

பெரும்பாலானவங்க பாக்காம விடுறது அடுத்த விஷயம். 180 பிஎஸ்ங்கிறது இன்ஜின் ஏறக்குறைய 3,500 ஆர்பிஎம் சுத்தும்போது தான் கிடைக்கும். யாரும் வீட்டைக் கட்டி இழுத்துட்டுப் போகும்போது 3,500-ல வச்சு ஓட்டுறதில்ல, சாதாரணமா 2,000 பக்கம் தான் முள்ளு நிக்கும். அந்த 2,000-ல என்ன கிடைக்குதுன்னு மேல சொன்ன சூத்திரத்துல போட்டுப் பாருங்க, 350 டார்க்குக்கு 100 பிஎஸ், 450 டார்க்குக்கு 128 பிஎஸ். உங்க கால் கீழ உண்மையா இருக்கிற வித்தியாசம் இந்த 28 தான்.

ரோட்டுல உண்மையா எவ்ளோ செலவாகுது

வண்டி போகணும்னா மூணு எதிரிகளைத் தள்ளணும். டயர் உருள்றதுல வர்ற தடை, காத்து, ஏத்தம். ஒரு சாதாரண மோட்டார்ஹோமை எடுத்துக்குவோம், எடை 3,500 கிலோ, முகத்தோட பரப்பு 6 சதுர மீட்டர், காத்தை வெட்டுற குணகம் 0.45-ன்னு வச்சுக்கிறேன் (டிரைவர் தலைக்கு மேல கட்டில் வச்ச மாடல்னா இன்னும் மோசமா இருக்கும்). கியர்பாக்ஸ், ஆக்சில்ல போற இழப்பையும் சேத்து, இன்ஜின் குடுக்க வேண்டிய பவர் தோராயமா இப்படி வருது:

1. சமதளத்துல 100 கிமீ வேகம்: 65 பிஎஸ்.
2. சமதளத்துல 120: 105 பிஎஸ். இருபது கிமீ வேகத்துக்கு நாப்பது பிஎஸ் கூடுதலா தின்னுது.
3. சமதளத்துல 100, ஆனா எதிர்காத்து 30 கிமீ வேகத்துல அடிக்குது: 100 பிஎஸ்.
4. 6 சதவீத ஏத்தத்துல 80: 105 பிஎஸ்.
5. 8 சதவீத ஏத்தத்துல 80: 128 பிஎஸ்.
6. 12 சதவீத ஏத்தத்துல 40: 76 பிஎஸ்.

மூணாவது வரியையும் நாலாவது வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஹாலந்துலயோ வட ஜெர்மனியிலயோ மேஜை மாதிரி தட்டையா இருக்கிற ரோட்டுல, எதிர்காத்து அடிக்கிற நாள்ல, வண்டி மலை ஏறுற அதே பவரைக் கேக்குது. நான் மலைக்கே போக மாட்டேன், அதனால சின்ன இன்ஜின் போதும்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

அதே மாதிரி கடைசி வரி. ஆஸ்திரியாவுல க்ரோஸ்க்ளாக்னர் மலைப்பாதை 2,504 மீட்டர் உயரம் வரைக்கும் போகுது, 36 கொண்டை ஊசி வளைவு, 12 சதவீதம் வரைக்கும் ஏத்தம். கேக்கவே பயமா இருக்கும், ஆனா அங்க யாரும் 80-ல போக முடியாது, வளைவு விடாது, 40-ல தான் போவீங்க, அந்த வேகத்துக்கு 140 இன்ஜின் பாதிக்குக் கொஞ்சம் மேல தான் வேலை செய்யுது. செங்குத்தான மலை தான் பெரிய இன்ஜின் கேக்கும்ங்கிற நினைப்பு இங்க உடைஞ்சு போகுது. பவரைத் தின்றது வேகம், வேகத்தோட சேர்ந்த ஏத்தம்.

ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில இருக்கிற ப்ரென்னர் கணவாய் இன்னொரு உதாரணம். இன்ஸ்ப்ரூக்ல இருந்து மேல வரைக்கும் கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரம், 35 கிமீ சொச்சம் தூரம், சராசரி ஏத்தம் 2.2 சதவீதம் தான். 80-ல ஏற 62 பிஎஸ் போதும். நடுவுல செங்குத்தா வர்ற துண்டுகள்ல தான் 140-க்கும் 180-க்கும் வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? 6 சதவீத ஏத்தத்துல 80-ல போக 105 வேணும்னு பாத்தோம். 140 இன்ஜின் 2,000-ல 100 தான் குடுக்கும், அஞ்சு பத்தல, அதனால முள்ளு மெதுவா இறங்க ஆரம்பிக்கும், 80, 78, 75, நீங்க ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதிச்சும் பிரயோஜனம் இருக்காது, ஒரு கியர் இறக்கினா இன்ஜின் 2,500-க்குப் போய் 125 பிஎஸ் வரும், வண்டி திரும்ப இழுக்கும், ஆனா சத்தம் கூடும், பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க பேச்சை நிறுத்திட்டு உங்களைப் பாப்பாங்க. 180-ல அதே ஏத்தத்துல கியரைத் தொட வேண்டாம், 23 பிஎஸ் கையில மிச்சம். அதாவது நீங்க 180-க்குக் குடுக்கிற காசு மலை ஏறுறதுக்கு இல்ல, அது 140-உம் ஏறும். கியர் மாத்தாம, இன்ஜின் கத்தாம ஏறுறதுக்குத் தான் அந்தக் காசு. நாள் பூரா ஓட்டுறவங்களுக்கு அது பெரிய விஷயம், வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊர் மாறுறவங்களுக்கு அவ்ளோ இல்ல.

எடை தான் முதல் கேள்வி

இன்ஜினைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி வண்டி ரோட்டுல என்ன எடை வரப் போகுதுன்னு கணக்குப் போடணும். பிரிட்டன்ல 1997 ஜனவரி 1-க்கு அப்புறம் கார் லைசென்ஸ் எடுத்தவங்க 3,500 கிலோ வரைக்கும் தான் ஓட்டலாம், அதுக்கு மேலன்னா சி1-ங்கிற நடுத்தர லாரி லைசென்ஸுக்குத் தனியா டெஸ்ட் குடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தவங்களுக்கு 7.5 டன் வரைக்கும் லைசென்ஸ்லயே இருக்கும், 70 வயசுல அது முடிஞ்சிடும், திரும்ப வேணும்னா மெடிக்கல் காட்டி வாங்கணும். அதனால பெரும்பாலான வண்டி 3,500-க்குள்ள அடங்குற மாதிரி பேப்பர்ல காட்டி விக்கிறாங்க.

ஆனா கேட்லாக் எடையில டிரைவருக்கு 75 கிலோ, டேங்க்ல டீசல், இதெல்லாம் சேத்திருந்தாலும் 5 சதவீதம் முன்னபின்ன இருக்கலாம்னு விதியே சொல்லுது. 3,000 கிலோன்னு போட்டிருந்தா 3,150 கூட இருக்கலாம். அதுக்கு மேல பக்கத்துல உக்கார்ற ஆளு, 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ, ரெண்டு எலக்ட்ரிக் சைக்கிள் 50 கிலோ, வெளிய விரிக்கிற கூரை, நாற்காலி, அரிசி மூட்டை, குக்கர். 350 கிலோங்கிறது கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள தீந்துடும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மேனுவலை விட எடை கூட, பெரிய பிரேக்கும் 16 இஞ்ச் வீலும் இருக்கிற மேக்ஸி சேஸிஸும் எடை கூட. எல்லா ஆப்ஷனையும் டிக் பண்ணி 180 ஆட்டோமேட்டிக் எடுத்துட்டு, அப்புறம் ரெண்டு சைக்கிளை வீட்டுல விட்டுட்டுப் போற நிலைமை வரும். 3,500-க்குள்ள இருந்தே ஆகணும்ங்கிறவங்க ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் காசை மட்டும் கேக்காதீங்க, கிலோவையும் கேளுங்க.

மேல 4,250 கிலோவுக்குப் போனா கணக்கு மாறுது. 8 சதவீத ஏத்தத்துல 80-ல போக 150 பிஎஸ் வேணும், 140 இன்ஜின்ல அது இல்லவே இல்ல. முழு மூச்சா 3,500 ஆர்பிஎம்ல வச்சாலும் 75 சொச்சத்துல நிக்கும், அப்படி வச்சு யாரும் ஓட்ட மாட்டாங்க, நிஜத்துல லாரிக்குப் பின்னாடி போய் சேந்துக்குவாங்க. என் கணிப்புல 3,500-ஐத் தாண்டுற வண்டிக்கும், பின்னாடி டிரெய்லரோ சின்னக் காரோ கட்டி இழுக்கிறவங்களுக்கும் 180-ஐத் தவிர வேற எதையும் யோசிக்க வேண்டாம். கட்டி இழுக்கிறதா இருந்தா வண்டியில ஒட்டியிருக்கிற எடை பிளேட்டைப் பாருங்க, முதல் நம்பர் வண்டியோட அதிகபட்ச எடை, ரெண்டாவது வண்டியும் டிரெய்லரும் சேந்த எடை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது தான் உங்களுக்கு மிச்சம், இன்ஜின் எவ்ளோ பெருசா இருந்தாலும்.

ஜெர்மனியில 3.5 டன்னைத் தாண்டின மோட்டார்ஹோமுக்கு ஆட்டோபானுலயும் 100 தான் உச்ச வேகம், அங்க 120-க்காகப் பவர் வாங்குறதுல அர்த்தமும் இல்ல.

இறக்கத்துல 180 உதவாது

எல்லாரும் ஏத்தத்தைப் பத்தியே பேசுறாங்க, ஆனா ஆளைக் கொல்றது இறக்கம். 3,500 கிலோ வண்டி 800 மீட்டர் உயரம் இறங்கும்போது 7.6 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தியை எங்கயாவது கொட்டியாகணும். கொஞ்சம் காத்துல போகும், மிச்சம் பிரேக் டிஸ்க்குல சூடா ஏறும். பிரேக் ஆயில் பழசாயி தண்ணி உறிஞ்சியிருந்தா அந்தச் சூட்டுல கொதிக்கும், கொதிச்சா மிதி அப்படியே பஞ்சு மாதிரி உள்ள போயிடும்.

140-உம் 180-உம் ஒரே 2,184 சிசி தான், அதனால இன்ஜின் பிடிச்சு நிறுத்துறது ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே அளவு. கூடுதல் 40-க்குக் குடுத்த காசு இங்க வேலைக்கு வராது. ஏறின கியர்லயே இறங்குன்னு நம்ம ஊர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்ற விதி தான் ஆல்ப்ஸ்லயும் விதி. ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிறவங்க இதை மறந்துடுறாங்க, டி-லயே விட்டா கியர்பாக்ஸ் மேல மேல கியரைத் தூக்கிட்டே போகும், மேனுவல் மோடுக்கு மாத்தி நீங்களே மூணாவதுக்கோ ரெண்டாவதுக்கோ இறக்கணும்.

அமெரிக்காவுல பின்னாடி இன்ஜின் வச்ச பெரிய பஸ் மாதிரி மோட்டார்ஹோம்கள்ல இந்த வித்தியாசம் ரொம்பத் தெளிவாத் தெரியும். அங்க கம்மின்ஸ் 6.7 லிட்டர் 360 குதிரைசக்தியா, 8.9 லிட்டர் 450-ஆங்கிற கேள்வி. 8.9-ல வால்வையே பயன்படுத்தி நிறுத்துற இன்ஜின் பிரேக் வரும், 6.7-ல டர்போவை அடைச்சு நிறுத்துற எக்ஸாஸ்ட் பிரேக் தான். ராக்கி மலையில ஓட்டுறவங்க பெரிய இன்ஜினைக் கேக்குறதுக்கு ஏறுற பவரை விட இந்த பிரேக் தான் பெரிய காரணம்.

கியர்பாக்ஸா பவரா, ஒண்ணுக்குத் தான் காசு இருக்குன்னா

ஆட்டோமேட்டிக்கை எடுங்க. 140 இன்ஜினோடயும் அது கிடைக்கும். 2021-ல வந்தப்போ 9 கியர், 2024-ல இருந்து 8 கியர்.

காரணம் கேம்ப்சைட்ல தெரியும். தரை சமமா இல்ல, பின் வீலுக்கு அடியில மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பு ரெண்டை வச்சு, அது மேல வண்டியைப் பின்னாடி ஏத்தணும், ஒரு அடி தூரம் தான். மேனுவல்ல இதைப் பண்ணும்போது கிளட்சைப் பாதியில பிடிச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கூட்டி, மூணரை டன்னைத் தூக்கணும், அதுவும் ரிவர்ஸ் கியர் போதுமான அளவுக்கு இறக்கமா இல்லாத வண்டியில உடம்பே அதிரும், ரெண்டு தடவை பண்ணினா கிளட்ச் கருகுற வாசம் உள்ள வரைக்கும் வரும். டார்க் கன்வெர்ட்டர் வச்ச ஆட்டோமேட்டிக்ல அந்த வேலையை எண்ணெய் பாத்துக்கும், கருக எதுவும் இல்ல. 180 மேனுவல் எடுத்தாலும் இந்தப் பிரச்சனை அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு, டுகாட்டோ முன்வீல் இழுக்கிற வண்டி. பின்னாடி பெட்டி நீளமா நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள சைக்கிள், டூல், கேஸ் எல்லாம் போட்டா பின் ஆக்சிலைச் சுத்தி வண்டி நெம்புகோல் மாதிரி ஆகி முன் வீல் லேசாயிடும். ஈரப் புல்லுல வீல் சுத்தும், வண்டி நகராது. அங்க கூடுதல் டார்க் உதவாது, இன்னும் சீக்கிரமா குழி தோண்டும். கனமான சாமானை ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல வைக்கிறதும், முன்னாடி நல்ல டயர் போடுறதும் தான் வழி.

டீசல் செலவு, டிபிஎஃப், டியூனிங்

பெரிய இன்ஜின் அதிகமா டீசல் குடிக்கும்னு பயப்பட வேண்டாம். ஒரே வேகத்துல ஒரே எடையைத் தள்ள ஒரே சக்தி தான் வேணும். 100-ல இருந்து 120-க்குப் போனா காத்தும் டயரும் சேந்த தடை 35 சதவீதம் கூடுது, டீசல் அங்க தான் போகுது. 180 வச்சிருக்கிறவர் அதிகம் செலவு பண்ணினா அவர் வேகமா ஓட்டுறார்னு அர்த்தம்.

டிபிஎஃப்ங்கிறது புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர். அது நிரம்பினதும் இன்ஜின் கூடுதல் டீசலை எரிச்சு 600 டிகிரி பக்கம் சூடாக்கி கரியைச் சாம்பலாக்கும். இது நடக்க நல்ல வேகத்துல இருபது நிமிஷமாவது ஓடணும். மாசம் முழுக்க வீட்டு வாசல்ல நின்னு, எப்பவாவது பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் வர்ற மோட்டார்ஹோம்ல இது பாதியிலயே நின்னுடும், எரியாத டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும். இன்ஜின் ஐட்லிங் கொஞ்சம் ஏறி, நிறுத்தின பிறகும் ஃபேன் ஓடி, சூடான வாசம் வந்தா அது நடுவுல நின்னிருக்கு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ண டீசல் வண்டியில தனி டேங்க்ல ஊத்துற திரவம்) -11 டிகிரியில உறையும், அதுக்கு டேங்க்லயே ஹீட்டர் இருக்கு, பயம் வேண்டாம்.

140-ஐ வாங்கிட்டு சாஃப்ட்வேர் மாத்தி 180 ஆக்கிடலாம்னு சொல்றவங்க இருக்காங்க. முடியும். ஆனா டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் எந்த வரம்புக்குச் செஞ்சாங்களோ அதே தான் இருக்கும், வாரண்டி போகும், இன்சூரன்ஸ்கிட்ட சொல்லாம விட்டா விபத்து நடந்தப்புறம் க்ளெய்மையே மறுக்கலாம். புது வண்டியில இதைப் பண்ணவே கூடாதுங்கிறது என் கருத்து.

பழைய வண்டி பாக்குறவங்களுக்கு

2021-க்கு முன்னாடி வண்டின்னா பெரும்பாலும் 2.3 லிட்டர் (2,287 சிசி), 130, 150-னு வரும், இன்னும் பழசுல 3 லிட்டர் 180-உம் உண்டு, டார்க் 400. 2.3-ல டைமிங் பெல்ட், 3 லிட்டர்ல செயின். பெல்ட்டுக்குக் கிமீ மட்டும் கணக்கு கிடையாது, வருஷக் கணக்கும் உண்டு, பத்து வருஷத்துல 30,000 கிமீ தான் ஓடியிருக்குன்னு விக்கிறவர் பெருமையா சொல்ற வண்டியில பெல்ட் மாத்தின பில்லை முதல்ல கேளுங்க. லண்டன் பக்கம் ஓட்டப் போறீங்கன்னா 2023 ஆகஸ்ட் 29-ல இருந்து ஊர் முழுக்க யூலெஸ் (புகை அதிகம் விடுற வண்டிக்குக் கட்டணம் வாங்குற மண்டலம்) வந்துடுச்சு, யூரோ 6-ங்கிற புகைத் தரம் இல்லாத டீசல் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணும், 3.5 டன்னுக்கு மேலன்னா அதுக்கு வேற விதி, வேற தொகை.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது காலி வண்டியைக் குடுப்பாங்க, அது உங்க வண்டியை விட 400 கிலோ லேசா இருக்கும். தண்ணி டேங்கை நிரப்பச் சொல்லுங்க, கூட வர்ற எல்லாரையும் ஏத்துங்க. நல்ல ஏத்தமா ஒண்ணைத் தேடி, 80-ல உள்ள நுழைஞ்சு, கியரைத் தொடாம முள்ளு எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. அப்புறம் அதே ஏத்தத்துல வண்டியை நிறுத்தி, திரும்பக் கிளப்பி, ஒரு வண்டி நீளம் ரிவர்ஸ்லயும் ஏத்திப் பாருங்க.